எண்ணெய்க்குச் சத்தம் இல்லை

“ரோடு சுத்தமா இருக்கு. போ!”

என் இருக்கை வாரை இறுக்கிக்கொண்டே லுட்கர் தேலன் என் காதருகே கத்தியது இது. ஐந்தே நிமிடத்தில் பெர்க்வெர்க் வளைவின் இரும்புத் தடுப்பை ஒட்டி, காரோடு தலைகீழாகக் கிடந்தேன். வளைவின் வலது பாதி முழுக்க எண்ணெய். யாரோ ஒருவனுடைய என்ஜின் அதற்கு இரண்டு சுற்று முன்பே அங்கே கொட்டிவிட்டுப் போயிருந்தது.

எங்கள் நூர்புர்க் கார்ப் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே காரை இருவர் மூவர் மாறி மாறி ஓட்டுவோம். இறங்குகிறவர்தான் ஏறுகிறவருக்கு வாரைக் கட்டிவிடுவார். கட்டும்போதே எங்கே மழை, எங்கே கண்ணாடித் துண்டு என்று சொல்லிவிடுவார். எண்ணெய் கொட்டினால் மஞ்சள் சிவப்புக் கொடி காட்டுவார்கள். அதுவும் இரண்டே சுற்று. அதற்குள் எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்று சுருட்டி வைத்துவிடுவார்கள். புதிதாக ஏறுகிறவளுக்கு இறங்கியவர் வாய்தான் கொடி.

அந்த வாயைத்தான் நான் ஆறு வருடம் நம்பினேன்.

நம்பாமல் என்ன செய்வது? லுட்கர் யார் தெரியுமா? அடெனாவில் டைல்ஸ் பதிப்பவரின் மகன். பத்தொன்பது வயதில் ஓர் ஓட்டைக் காரில் மலைச்சாலைப் பந்தயம். இருபத்தாறில் கம்பெனி ஒப்பந்தம். டூரிங் கார் பந்தயத்தில் ஒன்பது வருடம். ஒரே ஒரு டயர் வெடித்ததால் கைநழுவிப் போன சாம்பியன் பட்டம். பிறகு ஸ்போர்ட்ஸ் கார், நான்கு முறை லெ மான் பந்தயம். நாற்பத்து மூன்று வயதில் கம்பெனி ஒரு போன் போட்டு, “இனி வேண்டாம்” என்றது. அழவும் இல்லை, திட்டவும் இல்லை. ஊருக்குத் திரும்பி அப்பாவின் கொத்துக்கரண்டியை எடுத்தார். வாரநாளில் டைல்ஸ், சனிக்கிழமை எங்கள் ஓட்மாரின் சின்ன அணியில் பந்தயம். இப்போது ஐம்பத்தேழு. ஜூன் மாதத்து இருபத்துநாலு மணி நேரப் பந்தயம் அவருக்கு முப்பதாவது. ஊரே அதற்குக் காத்திருந்தது.

கடந்த சில வருடங்களாக அவருடைய காது ஊர்க்கதை ஆகிவிட்டது. பின்னால் வருவது எந்தக் கார், எந்தப் பக்கம் ஏறுகிறது என்று சத்தத்திலேயே சொல்வார். நாங்கள் வாயைப் பிளப்போம். அதே வருடங்களில்தான் அவருக்குத் திமிர் ஏறிவிட்டது என்றும் பேச்சு. பக்கத்தில் நின்று கை அசைத்தால்கூடச் சில நேரம் கண்டுகொள்ளாமல் போவார். என் குளியலறையில் அவர் பதித்த டைல்ஸில் வலது மூலை மட்டும் கோணல். “வயசாயிடுச்சு லுட்கர்!” என்று கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேனே, மடச்சி!

தொடை எலும்பும் வலது தோள்பட்டை எலும்பும் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இரண்டாம் நாள் ஓட்மார் பேயறைந்த முகத்தோடு வந்தார். காருக்குள் இருந்த கேமரா பிடித்த படத்தைப் போட்டுக் காட்டினார்.

“பாரு சில்கே. முதல் சுற்று, வலப்பக்கம் கொடி. ரெண்டாவது சுற்று, மறுபடியும் கொடி. படுக்கை விரிப்பு மாதிரி ஆட்டுறாங்க. இவரு பாத்துட்டுதான் உன்கிட்ட சுத்தம்னு சொல்லியிருக்காரு.”

படத்தை மறுபடியும் ஓட்டச் சொன்னேன்.

“நீ ஒரு சுற்றுக்கு அவரைவிட நாலு செகண்டு வேகம்,” என்றார் ஓட்மார் மெதுவாக. “பொறாமையா இருக்குமோ?”

“வாயைக் கழுவுங்க.”

சொல்லிவிட்டேனே தவிர, அன்று முழுக்க எனக்கும் அதே நினைப்புதான். கொல்லப் பார்த்தாரா? என்னையா? ஜூன் பந்தயத்துக்கான பெயர்ப் பட்டியலை மறுநாள் கொடுக்க வேண்டும். அதில் லுட்கரும் இரண்டு பேரும். அவர் வாயை நம்பி அந்த இரண்டு பேரும் ஏறுவார்கள். “நாளைக்கு அவரை அனுப்புங்க. அதுக்கு முன்னாடி பட்டியலைக் கொடுத்துடாதீங்க,” என்றேன்.

வந்தார். கையில் மனைவி சுட்ட செர்ரி கேக். என் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“யானைக்கும் அடி சறுக்கும். விடு,” என்றார். “ஜூன்ல உன் இடத்துல ஒரு பையனைப் போட்டிருக்கான் ஓட்மார். முதல் பத்துக்குள்ள வந்துடலாம்.”

அந்த முகத்தில் கள்ளமே இல்லை. பேசிக்கொண்டே போனார். அப்போதுதான், ஏனென்று தெரியாது, என் குளியலறையின் அந்தக் கோணல் வலது மூலை ஞாபகம் வந்தது. தட்டில் இருந்த ஆப்பிளை இடது கையால் எடுத்தேன். அவருக்கு வலப்பக்கம், முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, சத்தமில்லாமல் நீட்டினேன். பேச்சு நிற்கவில்லை. ஆட்டினேன். டயர் அளவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டேன்.

“லுட்கர், என் கையில என்ன இருக்கு?”

சட்டென்று நிறுத்தினார். வழக்கமான சிரிப்பு. பிறகு, சத்தம் ஏதாவது வருமா என்று காதை மட்டும் மெல்லச் சாய்த்தார்.

“அடப்பாவி மனுஷா! எத்தனை நாளா?”

கேக்கைப் பார்த்துச் சொன்னார்.

“மூணு வருஷம். ஒரு நாள் காலைல எழுந்தேன், ரெண்டு கண்ணுலயும் வலது பாதி திரை போட்ட மாதிரி இருந்துச்சு. மூளைல ஏதோ ரத்தக்குழாய்னு நினைக்கிறேன். யார்கிட்டயும் போகல.”

“வருஷா வருஷம் லைசென்ஸுக்குக் கண் டெஸ்ட் வைக்கிறாங்களே!”

“நேரே இருக்கிற எழுத்து நல்லாத் தெரியும். பக்கத்துல விளக்கு மின்னும்போது அந்த மெஷின் ‘டிக்’னு ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டு பட்டனை அழுத்துவேன்.”

நாங்கள் வாயைப் பிளந்து கொண்டாடிய காது! முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பாதி உலகம் தெரியாமல் ஓட்டியிருக்கிறார். நான் அவர் பக்கத்தில், எதிரில், பின்னால் நின்றிருக்கிறேன். அவர் சொல்லை நம்பி இருபது முறையாவது ஏறியிருக்கிறேன். இந்த மூன்று வருடத்தில் அவர் ஒரு தடவைகூட வலப்பக்கத்தைப் பற்றி எதுவும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“கார்னா சத்தம் கேக்கும் சில்கே,” என்றார். “எண்ணெய்க்குச் சத்தம் இல்லையே.”

எனக்கு அழுகை வந்தது. அடுத்த வாக்கியத்தில் அது நின்றுபோனது.

“ஜூன் மட்டும் விடு. முப்பதாவது. அதுக்கப்புறம் நானே நிறுத்திடறேன்.”

என் காலைப் பார்த்தபடியே கேட்டார். இரும்புக் கம்பி குத்திய காலைப் பார்த்தபடியே! போனை எடுத்து ஓட்மாரைக் கூப்பிட்டேன். லுட்கர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தடுக்கவில்லை. பட்டியலில் இருந்து அவர் பெயரை எடுக்கச் சொன்னபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

எழுந்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

“எதுல வந்தீங்க?”

“கார்லதான். வேற எதுல?”

அடெனாவிலிருந்து நாற்பது கிலோமீட்டர். பள்ளிக்கூடம் விடும் நேரம்.

“சாவியைக் கொடுங்க.”

நின்றார். முப்பத்தெட்டு வருடம் ஓட்டிய கை சட்டைப்பைக்குள் போய், வெகுநேரம் கழித்து வெளியே வந்தது. சாவியைக் கேக் பக்கத்தில் வைத்தார். வாசலை நோக்கி நடந்தார். கதவருகே வலது தோள் நிலைச்சட்டத்தில் நன்றாக இடித்தது.

“மன்னிச்சுக்குங்க,” என்றார், அந்தப் பக்கம் திரும்பாமலே.

அங்கே யாரும் இல்லை.