பச்சைப் புள்ளிக்காக ஆடிய சீட்டு

என் கணவர் மூன்று வாரமாகக் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை, அடிபடவும் இல்லை. காலையில் எழுப்பினால், "முடியலடி, விடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் கம்பெனியில் அப்போது ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்தே வேலைதான், ஆனால் ஐந்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால், கம்பெனி சாட்டில் அவர் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். ஆள் இடத்தில் இல்லை என்று அர்த்தம். வேலை போய்விடுமோ என்று பயந்தேன்.

அதனால் லேப்டாப் முன்னால் நானே உட்கார்ந்தேன். சும்மா மவுஸை ஆட்டிக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்காதா? இணையத்தில் சாலிடேர் ஆட ஆரம்பித்தேன். அல்வாலில் எங்கள் ஃப்ளாட் ஹாலில், ஒருபக்கம் குக்கர் கத்த, காலை ஒன்பதிலிருந்து சீட்டு அடுக்குவதே என் உத்தியோகம். சாதாரண சாலிடேர் சட்டென்று முடிந்துவிடும். ஸ்பைடர் என்ற வகை தேவலை, சீட்டுகளை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டே இருக்கலாம். மீட்டிங் என்றால் மட்டும் லேப்டாப்பைக் கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். கேமராவை அணைத்துவிட்டு அவர் ரெண்டு வார்த்தை பேசுவார். ஒருநாள் தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயித்துவிட்டு, "என்னங்க, ஏழு!" என்று கத்தியும் இருக்கிறேன். வெட்கக்கேடு!

அந்தத் திமிரில்தான் ஃப்ரீசெல் என்ற இன்னொரு வகையில் கைவைத்தேன். அதில் எல்லாச் சீட்டும் கண்ணெதிரே விரிந்து கிடக்கும். யோசித்துத்தான் நகர்த்த வேண்டும். எவ்வளவு நேரம் யோசித்தேனோ, நிமிர்ந்தபோது புள்ளி மஞ்சள். சாட்டில் நாலு மெசேஜ். மவுஸைத் தொடுவதற்குள் அவர் போன் அடித்தது. கூட வேலை செய்யும் தெலுங்குக்காரர்.

"நெட் போயிடுச்சுன்னு சொல்லுங்க" என்று போனைக் கட்டிலில் நீட்டினேன். கையில் பிடிக்கத் தெம்பில்லாமல் ஸ்பீக்கரில் போட்டுத் தலையணைமேல் வைத்தார்.

"ஏமைந்தி அன்னா?" என்றது அந்தக் குரல். என்ன ஆச்சு அண்ணா? எப்போது பார்த்தாலும் பச்சையாக இருந்ததால் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன் என்றும் தெலுங்கில் சொன்னார்.

என் கணவர் விசும்பி விசும்பி அழுதார். நான் கதவோரம் நின்றேன், என்மேலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது. அத்தனை நாளும் நான் அவரிடம் கேட்டதெல்லாம், "அடுத்த மீட்டிங் எத்தனை மணிக்கு?"