நூற்றைந்து ராத்தல்

குதிரையின் முன்னங்காலைத் தொட்ட மாத்திரத்தில் அது நாளைக்கு ஓடுமா ஓடாதா என்று அக்பர் பாஷா சொல்லிவிடுவார். கிண்டி ரேஸ் மைதானத்தில் இதை அறியாதவர் கிடையாது. முழங்காலிலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் விரல் நிற்கும். "சூடு கீது. நாலு நாளைக்கு நடக்க மட்டும் வுடு" என்பார். வைத்தியர் வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். மூன்றாம் நாள் அந்தக் கால் வீங்கியிருக்கும்.

அவருடைய தகப்பனார் சைதாப்பேட்டையில் ஜட்கா ஓட்டியவர். பதினாறு வயதில் ஒரு வெள்ளைக்கார மேஜரின் லாயத்தில் சாணி அள்ளச் சேர்ந்த பாஷா, பதினைந்து வருஷம் அங்கேயே கிடந்தார். 1923-இல் சீமைக்குக் கப்பலேறிய மேஜர், இவனைவிடக் குதிரை தெரிந்தவனை நான் பார்த்ததில்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் காட்டித்தான் டிரெய்னர் லைசென்ஸ் வாங்கினார். முதல் வருஷம் அவர் கையில் மூன்று குதிரைகள். ஐந்தாம் வருஷம் இருபத்திரண்டு. குளிர்காலம் முழுக்கக் கிண்டி, வெயில் ஏறினால் ஊட்டி. தேனாம்பேட்டையில் மாடி வைத்த வீடு. கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்த மனிதருக்கு மைலாப்பூர் வக்கீல்களெல்லாம் நாற்காலி போட்டார்கள்.

மனைவி சகினா, ராயப்பேட்டையில் சேணம் தைப்பவரின் மகள். நிக்காஹ் பேசும்போது அவள் தாய் இறந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஆறு வயதுத் தம்பி ஷரஃபுதீனை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "அவனும் வரட்டும். ஒரு வாய்க்குச் சோறு கூடுதலா வெச்சா இன்னா ஆயிடும்?" என்றார் பாஷா. அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அந்த வீட்டின் பிள்ளை ஷரஃபுதீன்தான்.

பதினைந்து வயதில் அவன் ஜாக்கி ஆனான். மச்சான் தயார் செய்த குதிரையில் மச்சினன் ஏறினால் அது முதலில் வந்துவிடும் என்று வேலிக்கு வெளியே நிற்கிற கூட்டம்கூடப் பேசியது. அவனுக்குக் கை மெல்லிசு. கடிவாளத்தை இழுக்கவே மாட்டான், பிடித்திருக்கிறானா என்றே குதிரைக்குத் தெரியாது. லஸ் சர்ச் ரோட்டு வக்கீல் ராஜகோபாலன் ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்த நவமணி என்ற பெட்டை, ஏறியவனையெல்லாம் தூக்கி எறிந்தது. ஷரஃபுதீன் சொன்னதை மட்டும் காது கொடுத்துக் கேட்டது.

பதினெட்டு வயதில் பையன் வளர ஆரம்பித்தான். ஒரே வருஷத்தில் நான்கு விரற்கடை உயர்ந்தான். தோள் அகன்றது. சகினா அவனைக் கதவு நிலையில் நிறுத்தி வைத்துப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். பாஷா அவனை அடிக்கடி தராசில் ஏற்றிப் பார்த்தார்.

1931-இல் பெரிய கப் பந்தயத்தில் நவமணி சுமக்க வேண்டும் என்று பந்தயம் நடத்துபவர்கள் விதித்த பாரத்தைவிட ஷரஃபுதீன் இரண்டு ராத்தல் கூடுதலாக இருந்தான். கூடுதலோடு ஓடலாம், தடையில்லை. ஓடினார்கள். கழுத்து நீளத்தில் தோற்றார்கள். அந்தக் கழுத்து நீளம் பாஷாவின் தொண்டையில் ஒரு வருஷம் மாட்டிக்கொண்டிருந்தது. அத்தனை பந்தயம் ஜெயித்தவருக்கு அந்த ஒரு கப் மட்டும் இன்னும் கிட்டவில்லை.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் அதே பந்தயம். நவமணிக்கு விதித்த பாரம், சேணமும் சேர்த்து, நூற்றைந்து ராத்தல். நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அக்கா கையால் பிரியாணி தின்று ஷரஃபுதீன் கொஞ்சம் ஊதியிருந்தான். திங்கட்கிழமை சேணத்தோடு தராசில் ஏறினான். நூற்றுப்பதினொன்று.

"சனிக்கிழமைக்குள்ள ஆறு ராத்தல். முடியுமாடா?" என்று கேட்டார் பாஷா.

"முடியும் மச்சான்" என்றான் அவன்.

அன்றிலிருந்து காலையில் அரை டம்ளர் தேநீர். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இரண்டு கம்பளிச் சட்டை போட்டு, மேலே குதிரைக் கம்பளியைச் சுற்றி, உச்சி வெயிலில் அடையாறு வரை நடந்து திரும்ப வேண்டும். கம்பளியைச் சுற்றிக் கட்டியது பாஷாவின் கை. சாயங்காலம் பேதி உப்பு. தாகம் தாங்காவிட்டால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். மற்ற ஜாக்கிகளும் செய்கிறதுதான், புதிதாக ஒன்றும் இல்லை என்று பாஷா தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

சகினா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். புதன்கிழமை காலை கணவர் வெளியே கிளம்பும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "ஒரு குதிரை ஒரு வேள கொள்ளு தின்னலன்னா நாலு வாட்டி போய்ப் பாக்கறீங்க. இவன் மூணு நாளா ஒண்ணுமே துன்னல. உங்க கண்ணுக்குத் தெரியலியா?"

"சனிக்கிழமையோட முடிஞ்சிடும், சகினா. அப்புறம் நீ இன்னா வேணாலும் ஆக்கிப் போடு."

அன்றைக்கே லாயத்துக்கு ராஜகோபாலன் வந்தார். குதிரையைப் பார்க்க வந்தவர், நடந்து திரும்பிச் சுவரில் சாய்ந்து கிடந்த ஷரஃபுதீனைத்தான் பார்த்தார். பாஷாவைத் தனியே அழைத்துக்கொண்டு போனார்.

"என்ன பாய் இது, பையன் கண்ணெல்லாம் உள்ளே போயிடுத்தே! வேற யாரையாவது ஏத்துங்கோ. இல்லேன்னா கூடுதல் பாரத்தோடயே இவன் ஓடட்டும். தோத்தா என்ன, குடியா முழுகிடப் போறது?"

"வேணாம் சார். பையன் நல்லாத்தான் கீறான். அவனே ஏறணும்னு துடிச்சிக்கினு கீறான்" என்றார் பாஷா.

அவன் துடித்தது உண்மை. ஆனால் வக்கீல் சொன்னதை பாஷா அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மனசு இளகிவிடும், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிடுவான் என்று பயந்தார். இந்தக் கப் அவன் பேருக்கும்தானே, காலமெல்லாம் சொல்லிக்கொள்வானே என்றும் நினைத்தார். இரண்டில் எது முதலில் தோன்றியது என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்தும் அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை சேணத்தோடு தராசில் உட்கார்ந்தான். நூற்றைந்து. முள் ஆடவில்லை.

நவமணி இரண்டு குதிரை நீளத்தில் ஜெயித்தது. கூட்டம் தொப்பிகளை வீசியது. ஷரஃபுதீன் இறங்கி, சேணத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து போய் மறுபடி தராசில் உட்கார்ந்தான். சரி என்றார்கள். எழுந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தவன், "மச்சான், தண்ணி" என்றான். ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு பாஷா கப் வாங்கப் போனார். அவன் முழுக்கக் குடித்தான். குடித்ததையெல்லாம் கக்கினான். பிறகு சரிந்தான்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரே வந்து பார்த்தார். உடம்பில் நீர் வற்றி சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்றார். சகினா தினமும் கஞ்சி காய்ச்சித் தூக்கில் எடுத்துப்போனாள். தினமும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். திங்கட்கிழமைப் பத்திரிகையில் கப்போடு பாஷா நிற்கிற படம் வந்திருந்தது. ஷரஃபுதீன் அதை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "நான் எங்க மச்சான்?" என்று கேட்டான். அந்தப் படத்தில் அவன் இல்லை. எடுக்கும்போது அவன் பெஞ்சுக்குக் கீழே கிடந்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் இறந்துபோனான். வயது பத்தொன்பது.

சகினா சத்தம் போட்டு அழவில்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, வந்தவர்களெல்லாம் போன பிறகு, ஒரு டிரங்குப் பெட்டியோடு கூடத்தில் வந்து நின்றாள்.

"உங்க மேல கோவம் இல்ல. நீங்களும் அவன வளத்தவங்கதான். ஆனா உங்களுக்குச் சோறு போட என் கை வர்ல" என்றாள்.

ராயப்பேட்டையில் சித்தப்பா மகள் அன்வரி பேகத்தின் வீட்டில் போய் இருந்தாள்.

பாஷா குதிரைகளை விடவில்லை. வேறு வேலை தெரியாது. அடுத்த ஐந்து வருஷமும் கிண்டியில் அவர் குதிரைகள்தான் அதிகம் ஜெயித்தன. ஒன்று மட்டும் மாறியது. எந்த ஜாக்கியையும் பட்டினி போட அவர் சம்மதிக்கவில்லை. "கூடத்தான் கீது, போவட்டும். துன்னுட்டு ஏறு" என்பார். கூடுதல் பாரத்தில் எத்தனையோ பந்தயம் கையை விட்டுப் போனது. சில முதலாளிகள் முகத்தைச் சுளித்துக் குதிரையை வேறு லாயத்துக்குக் கொண்டுபோனார்கள். ராஜகோபாலன் மட்டும் கடைசிவரை இருந்தார். புதன்கிழமை பேசிய பேச்சை இருவரும் மறுபடி எடுக்கவே இல்லை.

சென்னையில் இருக்கும் வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா தொழுகை முடித்து ராயப்பேட்டைக்குப் போவார். முதல் வருஷம் அன்வரி பேகத்தின் கணவரிடம் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பினார். இரண்டாம் வருஷம் சகினா கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். மூன்றாம் வருஷம் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு எதிரே உட்கார்ந்து, இருமலுக்கு என்ன சாப்பிடுகிறீர்கள், வேட்டியை யார் துவைக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினாள். சிரிக்கவும் செய்தாள், ஒரே ஒரு தடவை.

1937-இல் ரமலான் மாதம் நெருங்கியபோது, "இந்த நோன்புக்கு நம்ம வூட்டுக்கு வந்துடறேங்க. விடியறதுக்கு முன்னால தனியா சஹர் சோத்துக்கு எழுந்து இன்னா பண்ணுவீங்க?" என்றாள்.

பாஷா ஐந்து வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தார். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவள் தம்மை நம்பி எழுந்து வருகிறபோது, அவளுக்குத் தெரியாத ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் போடுகிற சோற்றில் கை வைக்க முடியாது என்று தோன்றியது.

"சகினா, அந்தப் புதன்கிழமை வக்கீல் வந்தாரு" என்று ஆரம்பித்தார். எல்லாவற்றையும் சொன்னார். வேறு ஜாக்கியைப் போடச் சொன்னதை, தோற்றாலும் பரவாயில்லை என்றதை, தாம் வேண்டாம் என்றதை.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லல."

சகினா எழுந்தாள். தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. வரவும் இல்லை.

நோன்பு பிறந்தது. தேனாம்பேட்டை வீட்டுக்கு யாரும் வரவில்லை. முதல் வெள்ளிக்கிழமை பாஷா வழக்கம்போல் ராயப்பேட்டைக்குப் போய் வாசலில் நின்றார். அன்வரி பேகம்தான் வந்தாள்.

"அக்கா உங்களப் பாக்க மாட்டாங்களாம், அண்ணே" என்றாள். பிறகு, "வர வேணாம்னும் சொல்லல" என்றாள்.

பாஷா தலையை ஆட்டினார். வெயில் இறங்கும்வரை அந்தத் தெருவில் நின்றுவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார்.