டில்லிபாபு இழுத்த ஸ்ட்ரோலர்

என் அக்கா வரலட்சுமியின் புருஷன் டில்லிபாபு கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நின்று நின்றே அவர் வாழ்க்கையில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியில் தூங்குவார். அதனால் ஒன்றரை வயது மகள் மகிழினிக்கு அவர் யாரோ ஒரு ஆள். திருவொற்றியூர் வீட்டுக்குள் அவர் தலை தெரிந்தால் போதும், வீல் என்று அழுவாள். கொரியர்காரரிடம்கூடச் சிரித்துக்கொண்டே போகிற பிள்ளை அது. மனிதர் நொறுங்கிப்போயிருந்தார்.

"தீம் பார்க்குக்கு இட்டுகினு போனா என்னாண்ட வந்துருவா மச்சான்" என்றார்.

முதலில் பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிற ஸ்ட்ரோலர் வாங்கப் போனோம். கடைக்காரர் பால்புட்டி வைக்கிற இடத்தைக் காட்டிக்கொண்டிருக்க, மாமா தரையில் மல்லாந்து படுத்து அச்சைத் தட்டிப் பார்த்தார். பிரேக்கை மிதித்தார். ஸ்டெப்னி எங்கே என்று கேட்டார். கிடையாது என்றதும், இதை நம்பி எப்படி லோடு ஏற்றுவது என்று கோபித்துக்கொண்டார். எனக்குக் கடையை விட்டே ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் வாங்கினார். கிளம்புகிற அன்று காலை நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பின்னால் சிவப்புத் துணியும் கட்டினார்.

பார்க்கில்தான் கூத்து. கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும்படி அக்கா சொன்னாள். அவர் முடியாது என்றுவிட்டார்.

"லோடை முன்னால வுட்டுகினு எவனாவது ஓட்டுவானா? லோடு பின்னாலதான் வரணும்."

தோளில் கிடந்த துண்டை முன்கம்பியில் கட்டி இழுக்க ஆரம்பித்தார். பக்கவாட்டில் கண்ணாடி இல்லையே, பின்னால் வருகிற பிள்ளை எப்படித் தெரியும்? திரும்பித் திரும்பிப் பார்த்தார். கழுத்து வலித்ததும் மொத்தமாகவே திரும்பிக்கொண்டு பின்பக்கமாக நடந்தார். எதிரே அப்பா முகத்தைக் கண்டதும் மகிழினி வழக்கம்போல அழத் தொடங்கினாள். அவளைச் சமாதானப்படுத்துகிற அவசரத்தில் பென்குயின் வடிவக் குப்பைத்தொட்டியில் போய் மோதினார். யாரோ ஆள் என்று நினைத்து, "சாரி சார்" என்றார்.

மகிழினி சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு விடுவாரா? தூணில் மோதினார், செடியில் விழுந்தார், பாப்கார்ன் விற்கிறவர் மேல் சாய்ந்தார். எல்லாம் வேண்டுமென்றே. நான் கிளீனர் மாதிரி கூடவே ஓடி, "ரைட்ல ஒட்டி, ரைட்ல ஒட்டி" என்று கத்தினேன். ராட்டினத்தைக் கீழே நின்று பார்த்ததோடு சரி. வீடு வந்து சேரும் வரைக்கும் அக்கா என்னோடு பேசவில்லை, ஏதோ நான்தான் துண்டைக் கட்டின மாதிரி.

மறுநாள் மாமா வேலைக்குக் கிளம்பினார். செருப்பு மாட்டக் குனிந்தபோது மகிழினி ஓடி வந்து அவர் துண்டைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அக்கா பிய்த்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது.

துறைமுக வரிசையிலிருந்து எனக்கு போன் செய்தார்.

"இன்னிக்கும் அழுதா மச்சான். நான் போறேன்னு அழுதா."

வரிசை நகர்ந்துவிட்டது போலிருக்கிறது, பின்னாலிருந்து லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. அவர் அதையே மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.