அவாய்ட் என்றால் எவ்வளவு?

அவாய்ட் என்றால் குறைத்துக்கொள் என்று அர்த்தமா, அறவே விட்டுவிடு என்று அர்த்தமா? மூன்று மாதமாக இந்தக் கேள்வியோடுதான் சமைக்கிறேன், துணி உலர்த்துகிறேன். டெல்லிக்கு மாற்றலாகி மோதி பாக் குவார்ட்டர்ஸில் குடியேறிய கையோடு நான்கு வயது மகள் வள்ளியை இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தோம். ஒருநாள் வகுப்பில் அவள் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று தமிழில் சொல்லியிருக்கிறாள். யாருக்கும் புரியவில்லை. நனைந்த கவுனோடு வீடு வந்தாள். டைரியில் மிஸ் எழுதியிருந்தார்: 'கைண்ட்லி அவாய்ட் டமில் அட் ஹோம்.'

நான் பி.யு.சி. படித்தவள். அகராதியில் 'தவிர்' என்று இருந்தது; அது எனக்கும் தெரியும். ஆனால் போன வருஷம் என் கணவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது டாக்டர் எண்ணெயை அவாய்ட் பண்ணச் சொன்னார். தாளிக்க மட்டும் அரை ஸ்பூன் விட்டேன், அவரும் தேறிவிட்டார். அதுபோலத் தமிழையும் தாளிக்கிற அளவுக்கு வைத்துக்கொள்ளலாமே என்று அவரிடம் கேட்டேன். மத்திய அரசு குமாஸ்தா அவர். "மேலதிகாரி ஃபைல்ல அவாய்ட்னு எழுதினா, வேண்டவே வேண்டாம்னு அர்த்தம். மரியாதைக்கு அப்படி எழுதுவாங்க," என்றார். மனம் கேளாமல் பள்ளிக்கே போய், "ஃபுல் அவாய்டா மேடம், ஹாஃப் அவாய்டா?" என்று கேட்டேன். மிஸ் சிரித்து, "அச்சா, அச்சா, அவாய்ட் கீஜியே," என்று தோளைத் தட்டி அனுப்பினார். கீஜியே என்றால் செய்யுங்கள்; எவ்வளவு என்று அதிலும் இல்லை.

முழுதாகவே விட்டேன். அம்பாசமுத்திரத்தில் என் அம்மா எனக்குத் தலை பின்னும்போது திட்டு, கொஞ்சல், தெருவில் நடந்தது எல்லாம் வந்துவிடும். நான் வள்ளிக்குப் பின்னும்போது 'சிட் ஸ்ட்ரெயிட்', 'டோன்ட் மூவ்' என்பதோடு என் இங்கிலீஷ் தீர்ந்துவிடுகிறது. கோபித்துக்கொள்ளக்கூட வார்த்தை இல்லை. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள், மகளோடு சண்டையா, வீட்டில் சத்தமே இல்லையே என்று இந்தியில் விசாரித்தார். ஸ்கூல், பாத், பந்த் என்று, பள்ளிக்காகப் பேச்சை நிறுத்தியிருப்பதை எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். குழந்தைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று புரிந்துகொண்டு, மாலையில் தேனும் இஞ்சியும் கொண்டுவந்து தந்தார். வாங்கிக்கொண்டேன்.

பள்ளியில் வள்ளி தேறிவிட்டாள். கவுன் நனைவதில்லை, டைரியில் 'குட்' வருகிறது. அதனால் செய்தது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. போன வாரம் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது உள் அறையில் எங்கள் ஊர்த் தமிழ் கேட்டது. "நேரா இருட்டி, சிக்கு எடுக்கணும்லா," என்று வள்ளி தன் பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். என் வளையல் சத்தம் கேட்டதும் பொம்மையின் வாயைக் கையால் பொத்தினாள்.

"பேசாதட்டி, அம்மா வாரா."

பிறகு என்னைப் பார்த்து, "ஹலோ மம்மி," என்றாள்.

அவள் தமிழை விடவில்லை. என்னோடு பேசுவதைத்தான் விட்டிருக்கிறாள். மறுபடி தமிழில் தொடங்கினால் வகுப்பில் அந்த நாள் திரும்பி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இப்போதெல்லாம் அவள் விளையாடும்போது வளையல்களை முழங்கைவரை ஏற்றிக்கொண்டு, நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கிறேன். ஓர் அடி உள்ளே வைத்தால் பேச்சு நின்றுவிடும். வெளியூரில் பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். என்ன சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நான் உள்ளே போவது?