அம்மன் கன்னத்து மஞ்சள்

ஹல்துமுல்லை ரோட்டில் மண் சரிந்த இடம் எதைக் கண்டாலும் பெரியாயியின் கால் தானாக நின்றுவிடும். முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை கனத்தாலும் சரி, மழை தூறினாலும் சரி. ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி நாக்கில் வைப்பாள். நறநறவென்றிருந்தால் துப்பிவிடுவாள். வெண்ணெய் மாதிரி கரைந்தால் முந்தானையில் ஒரு முடிச்சு விழும். கூட வருகிறவர்கள் மசக்கையா என்று கேலி பண்ணுவார்கள். ஐம்பது வயதில் மசக்கை வந்தால் பேப்பரில்தான் போடணும் என்று இவளும் விடமாட்டாள்.

வருஷம் பூராவும் கொழுந்து பறிக்கிறவள்தான். தீபாவளிக்கு முன் பத்து நாள் மட்டும் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போவாள். அப்படி அடித்துவிட்டு வந்த ஒரு சாயங்காலம், அவள் குடியிருக்கும் காம்பிராவின் சுண்ணாம்பு காயாத சுவரில் ஒரு பூனை செம்மண் காலோடு ஏறி இறங்கியது. மறுநாள் தேய்த்தாள், கழுவினாள், பூனையைத் திட்டித் தீர்த்தாள். தடம் போகவில்லை. நாலு மழைக்காலம் போயும் அந்தச் சிவப்புப் பாதங்கள் அங்கேயே இருந்தன. அதிலிருந்து ஈரச் சுண்ணாம்பில் மண்ணைக் கரைத்துக் கோடு போட ஆரம்பித்தவள். இப்போது அவள் சுவரில் கிளி இருக்கிறது, சேவல் இருக்கிறது, பண்டாரவளைக்குப் போகிற ரயில் இருக்கிறது. யாரிடம் படித்தாய் என்று கேட்டால், "எனக்கு வாத்தியாரு பூனைங்க" என்பாள். தொழில் ரகசியத்தையும் ஒளிக்கமாட்டாள். "சுண்ணாம்பு ஈரமா இருக்கையில குடுத்தா குடிச்சிரும். காஞ்சப்புறம் குடுத்தா துப்பிரும். அவ்வளவுதான்."

போன சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால்தான் அவளுக்கு வந்தது சோதனை. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குள்ளே பின்சுவரில் எழுதியிருந்த அம்மன் உரிந்து போயிருந்தாள். தோட்டத் தலைவர் தம்பையா பெயின்ட் வாங்கப் பண்டாரவளைக்குப் போனார். எல்லாச் சாமானுக்கும் தட்டுப்பாடாக இருக்கிற காலம் இது. லத்தீப் நாநா தம் கடையின் வெறும் தட்டைக் காட்டி, கப்பல் வந்தால்தான் பெயின்ட் என்று கையை விரித்துவிட்டார். அப்புறம்தான் கோயில் கமிட்டிக்குப் பெரியாயி ஞாபகம் வந்தாள். புருஷன் செத்துப் பதினோரு வருஷமான பொம்பிளை அம்மனைத் தொடலாமா என்று இரண்டு நாள் இழுத்தார்கள். கடைசியில் ஆபத்துக்குப் பாவமில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டார்கள்.

தினமும் விடிய முன்னால், வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடிப்பதற்குள் எவ்வளவு முடிக்கலாமோ அவ்வளவுக்கு மட்டும் சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசுவாள். ஈரம் காய்வதற்குள் வர்ணத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். மேலேயிருந்து பூசி வந்தால் கீழே ஒழுகாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஆத்தாவைக் காலிலிருந்துதான் தொடணும் என்று பாதத்தில் ஆரம்பித்தாள். சேலைக்குச் செம்மண், கரைக்குச் சலவை நீலம், சூலத்துக்கு விளக்குக் கரி. ஆறு நாளில் கழுத்துவரை வந்துவிட்டாள். மூன்று வருஷமாகச் சேர்த்த மஞ்சள் மண்ணை முகத்துக்கென்று ஒரு பால்மா டின்னில் எடுத்து வைத்திருந்தாள். கல்யாணம், காதுகுத்து எதிலும் யாரும் தொட விடாத கையால் அம்மனுக்குக் கண் வைக்கப்போகிறோம் என்று அன்றைக்கு அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

ஏழாம் நாள் விடியலில் தம்பையா கமிட்டி ஆட்களோடு வந்தார். கையில் அரைத்த மஞ்சள். ஆத்தா முகத்தில் மண்ணை அப்பக்கூடாதாம், மஞ்சளைத்தான் பூசணுமாம்.

"சுண்ணாம்புல பட்டா செவந்துரும்ங்க தலைவரே" என்றாள் பெரியாயி மெதுவாக.

மஞ்சள் எப்படிச் சிவக்கும் என்று அவர் சிரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆரத்தியைக் கரைப்பது பெண்கள், தட்டுக்கு முன்னால் மாப்பிள்ளை மாதிரி நிற்பது ஆண்கள். தட்டில் என்ன கரைத்திருக்கிறது என்று கேட்ட ஆம்பிளை அந்தத் தோட்டத்திலேயே கிடையாது. இன்னொரு வார்த்தை பேசினால் வேலையைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்து, பெரியாயி மஞ்சளைப் பூசினாள். அம்மன் முகம் இரத்தமாகச் சிவந்தது.

ஆம்பிளைகள் பின்வாங்கினார்கள். கீழ் லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு அந்த வாரம்தான் அம்மை போட்டிருந்தது. "அறுத்தவ கைய வச்சா ஆத்தா சும்மா இருக்குமா?" என்றான் ஒருவன். சுவரை முழுசாகச் சுரண்டிவிட வேண்டும் என்றான் இன்னொருவன், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு. இவள் சொன்னதைக் கேட்டிருந்த தம்பையாவோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் பெரியாயிக்கு வயிற்றெரிச்சலாகிவிட்டது.

மிச்ச மஞ்சள் இருந்த சிரட்டையை எடுத்துக்கொண்டு நேரே அவர் முன்னால் போனாள்.

"கைய நீட்டுங்க தலைவரே."

நீட்டினார். உள்ளங்கையில் மஞ்சளைச் சொட்டினாள்.

"ஒங்க வெத்தலச் சுண்ணாம்ப எடுத்து, நீங்களே தேய்ங்க."

மடியிலிருந்து டப்பியை எடுத்துத் தேய்த்தார். எல்லாரும் எட்டிப் பார்க்க, தலைவரின் கை சிவந்தது.

"ஒங்க சம்சாரம் நல்லாத்தானே இருக்காங்க?" என்று கேட்டாள் பெரியாயி.

தம்பையா கையை மூடிக்கொண்டார். மண்வெட்டி கீழே இறங்கியது. அந்நேரம் பார்த்துப் பெரட்டுத் தப்பு முழங்கியது. போகாவிட்டால் அன்றைய பேர் கிடையாது, சம்பளமும் கிடையாது. அவள் தப்புச் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள்.

"பெரட்டுல நான் சொல்லிக்கிறேன்" என்றார் தம்பையா. "நீ மொகத்தப் போடு."

முகத்தை மட்டும் சுரண்டிவிட்டு, புதுச் சுண்ணாம்பு பூசி, டின்னைத் திறந்தாள். வெயில் ஏறுவதற்குள் கண்ணும் வைத்தாள்.

திருவிழா அன்று தீபாராதனை முடிந்ததும், கடைசி வரிசையில் நின்றிருந்த பெரியாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். பூசாரி தடுக்க வாயெடுத்தார். தம்பையா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் தீர்த்தத்தில் விரலை நனைத்து, அம்மனின் மஞ்சள் கன்னத்தை அழுத்தித் தேய்த்தாள். பிறகு அத்தனை பேரும் பார்க்க, மஞ்சள் ஒட்டாத அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். மண் ருசி துளியும் இல்லை.