கண் மருந்து என்று சொன்னேன்

எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள் என்று தங்கை என்னைக் கேலி செய்வாள். அதில் பொய் இல்லை. மெர்சிங் படகுத்துறையில் நாங்கள் இருவரும் தீவுக்குப் படகேறியபோது முதுகுப்பைகளில் துணியைவிடச் சாப்பாட்டுச் சாமான்தான் அதிகம்: சார்டின் டின், மீ நூடுல்ஸ் பாக்கெட், நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை. தீவில் இருப்பதிலேயே மலிவான இடம் எது என்று மூன்று நாள் தேடி, ஒரு மலாய் அம்மாள் தன் வீட்டுக்குப் பின்னால் வாடகைக்கு விட்டிருந்த தகரக் கூரை அறையைப் பிடித்திருந்தேன். மாக்சிக் என்று அவரை அழைத்தோம். அறையில் காற்றாடி மட்டும் இருந்தது. ஜெனரேட்டரைப் பொழுது சாய்ந்த பிறகுதான் போடுவார்கள்.

தங்கைக்குப் பதினெட்டு வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. இன்சுலின் போடாமல் ஒருநாள் தாங்க மாட்டாள். ஆறு வருடங்களாக இது எங்கள் வீட்டு நான்கு சுவர்களைத் தாண்டியதில்லை. வீட்டில் அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போடுவாள். கல்யாண வீடுகளில் காரின் பின்சீட்டில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை செனாயிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அதற்குள் ஒரு தடவையாவது எங்கேயாவது போய்வர வேண்டும் என்று அவள் கெஞ்சியதால்தான் இந்தப் பயணமே.

புறப்படும்போது அம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள். "அங்க யாராச்சும் நம்ம ஆளுங்க இருப்பாங்க. வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்னு சும்மாவா சொன்னாங்க?"

அம்மா சொன்னது போலவே ஆள் இருந்தார்கள். குளிர்சாதனம் வைத்த பக்கத்து அறையில் ஸ்கூடாயிலிருந்து வந்த ஓர் ஆண்ட்டியும் அங்கிளும். பொதுச் சமையலறையில் தேநீர் ஆறுவதற்குள் ஆண்ட்டி எங்கள் ஊர், கோயில், அப்பாவின் வேலை எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டார். பேச்சுவாக்கில், செனாய் மாப்பிள்ளையின் அம்மாவும் இவரும் ஒரே பஜனைக் குழு என்று தெரிந்தது. இவருக்குத் தெரிந்தால் செனாய்க்கும் தெரிந்துவிடும்.

தகரக் கூரையின் சூட்டில் மருந்து கெட்டுவிடுமோ என்று எனக்குப் பயம். "வெளியவே இருக்கட்டும்கா, ஒண்ணும் ஆகாது" என்று தங்கை சொன்னாள். நான் கேட்டால்தானே? அன்று மாலை அவள் ஊசி போட்டு முடித்ததும் ஊசிப் பேனாக்கள் இருந்த பையை அப்படியே எடுத்துப்போய் மாக்சிக்கிடம் கொடுத்து, ஐஸ்பெட்டியில் வைக்கச் சொன்னேன். என்ன மருந்து என்று அவர் மலாயில் கேட்டார். ஆண்ட்டி பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "ஊபாட் மாத்தா" என்றேன். கண் மருந்து.

மாக்சிக் நல்லவர். பகலில் மின்சாரம் இல்லாதபோதும் குளிர்ச்சி போகக்கூடாது என்று பையை உறைபெட்டிக்குள், மீனுக்கு அடியில் வைத்திருக்கிறார். இன்சுலின் என்று சொல்லியிருந்தால், உறையலாமா என்று ஒருவேளை கேட்டிருப்பார். கண் மருந்துக்கு யார் யோசிப்பார்கள்?

காலையில் தங்கை பேனாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே கல்லாக உறைந்திருந்தது. மற்றதும் அப்படியே.

"உருகினாலும் போட முடியாதுக்கா. செத்துப்போன மருந்து."

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் பேனாக்களைப் பையில் வைத்து மூடினாள்.

படகுத்துறைக்கு ஓடினேன். அலை பெரிதாக இருக்கிறது, நாளைக் காலைதான் படகு என்றார் படகுக்காரர். கிராமத்துக் கிளினிக் பூட்டிக் கிடந்தது. அங்கே ஊசி போடும் மிஸ்ஸி விடுமுறையில் பெருநிலத்துக்குப் போயிருக்கிறாராம். கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை. திரும்பி வந்தபோது தங்கை நான்காவது போத்தல் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். விரலில் குத்திச் சோதித்தபோது மீட்டரில் இருபத்திரண்டு என்று வந்தது. பத்தைத் தாண்டக் கூடாது என்ற அந்தக் கணக்கு அப்போது எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நாளைக் காலை வரை இவள் இருப்பாளா என்று நினைத்தேன். அப்படி நினைத்த என் வாயில் மண்ணைப் போட வேண்டும் என்றும் நினைத்தேன்.

அப்போதும் எனக்குப் பொய்தான் வந்தது. சமையலறைக்குப் போய் மாக்சிக்கிடம், எனக்குச் சர்க்கரை நோய், மருந்து உறைந்துவிட்டது, ஊரில் யாரிடமாவது இன்சுலின் கிடைக்குமா என்று கேட்டேன். எனக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே. என் பெயர் கெட்டால் யாருக்கு என்ன?

சோறு போட்டுக்கொண்டிருந்த ஆண்ட்டி கரண்டியை வைத்தார். "அலமாக், நேத்தே சொல்லக் கூடாதாம்மா? எனக்குந்தான் இருக்கு. எங்கிட்ட பிரிக்காத பேனா ஒண்ணு இருக்குலா."

குளிர்ப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். தங்கை சாப்பாட்டுக்கு முன் போடும் அதே மருந்து. வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். ஆண்ட்டி விடவில்லை.

"எங்க போற? மயங்கி விழுந்தா யாரு பாக்குறது? இங்கயே போடு. எத்தன யூனிட்?"

எனக்குத் தெரியவில்லை. அவள் சாப்பாட்டை அளந்தேன், செலவை அளந்தேன். ஆறு வருடங்களாக அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் எவ்வளவு போட்டுக்கொள்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"பத்து" என்றேன்.

புது ஊசியைப் பொருத்திப் பத்து வைத்துக் கையில் கொடுத்தார் ஆண்ட்டி. நோய் இல்லாத உடம்பில் இன்சுலின் ஏறினால் ஆபத்து என்று மட்டும் எனக்குத் தெரியும். போட்டுக்கொண்டு சீனியை அள்ளி அள்ளித் தின்றுவிடலாம், மீதி மருந்து அவளுக்கு ஆகும் என்று கணக்குப் போட்டேன். சட்டையைத் தூக்கினேன். ஊசி முனை தோலில் பட்டது.

கதவோரமாக வந்து நின்றிருந்த தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.

"அக்காவுக்கு ஒண்ணும் இல்ல ஆண்ட்டி. எனக்குத்தான். ஆறு வருசமா."

ஆண்ட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். செனாய்க்காரம்மாவின் முகம் அவருக்குள் வந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. பத்துன்னு வச்சிருக்கேன். சரியான அளவு எவ்வளவுன்னு நீயே சொல்லு."

மறுநாள் அலை தணிந்து முதல் படகில் ஏறும்வரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆண்ட்டிதான் மீட்டரைப் பிடித்துப் பார்த்தார். மெர்சிங் ஆஸ்பத்திரியில் அவளை ஒருநாள் வைத்திருந்து அனுப்பினார்கள். படகில் தங்கை ஆண்ட்டியிடம், "செனாய்க்காரங்க வர்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க" என்று சொன்னதை நான் கேட்டேன். தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. அம்மா என்னோடு பேசவில்லை. வாங்கி வைத்த பலகாரத்தை நாங்களே சாப்பிட உட்கார்ந்தோம். தங்கை குளியலறைக்குப் போகவில்லை. அப்பா, அம்மா எதிரிலேயே பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்து, ஊசியைப் பொருத்தினாள்.

"எத்தன யூனிட்?" என்று நான் கேட்டேன்.

சொன்னாள்.