பொருத்தம் பார்க்கிற மிருதுளா

மாடம்பாக்கத்தில் தனியாக இருக்கும் மிருதுளாவுக்கு வயது நாற்பத்தேழு. தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலை. அது சோற்றுக்கு. மனசுக்கென்று இன்னொரு வேலை வைத்திருந்தாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு டேட்டாபேஸ் மென்பொருளுக்கு, பதினோரு வருடமாகப் பொருத்தம் பார்ப்பவள் அவள்தான்.

சிரிக்க வேண்டாம், நிஜமாகவே பொருத்தம்தான். அந்த மென்பொருள், வேறு யார் யாரோ எழுதிய நாற்பது சின்னச் சின்ன நிரல்களை நம்பி நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் அடிக்கடி புதுப் பதிப்பு வரும். எந்தப் பதிப்பு எதனுடன் ஒத்துப்போகும், எது உள்ளே வந்ததும் சண்டை மூட்டும் என்று சோதித்துப் பட்டியல் போடுவது அவள் பொறுப்பு. முக்கால்வாசி நேரம் அவள் பதில் "வேணாம்"தான். அதனால் குழுவில் அவளை யாருக்கும் பெரிதாகப் பிடிக்காது. ஆனால் கேட்காமலும் இருக்க முடியாது.

காரணம், அந்த நாற்பதில் ஒன்றான, பெயர்களை வரிசைப்படுத்தும் நிரலுக்கான தமிழ்ச் சோதனையை அவள் எல்லோருக்கும் பொதுவான இடத்தில் போடவே இல்லை. அறுபத்து நான்கு தமிழ்ப் பெயர்கள் கொண்ட அந்தச் சோதனை அவள் லேப்டாப்பிலேயே கிடந்தது. "இன்னும் சரிபார்க்கணும்" என்று வருடக்கணக்காகச் சாக்கு.

உண்மை வேறு. மாதம் ஒரு வெளியீடு. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, வெளியீட்டுப் பொறுப்பாளன் ஹரிபிரசாத் பொழிச்சலூரிலிருந்து போன் செய்து, "அக்கா, ஓடவிட்டுப் பாத்தீங்களா?" என்பான். பேச்சு அங்கே தொடங்கி மழை, டிராஃபிக், அவன் மகளின் பள்ளிக்கூடம் என்று அரை மணி நேரம் ஓடும். அவளை யாராவது தேடிக் கூப்பிடுவது அந்த ஒரு நாள்தான். அதை இழக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

இந்த மாதம் செவ்வாய் வந்தது, போன் வரவில்லை. புதன்கிழமை அறிவிப்பு மட்டும் வந்தது. வரிசை நிரலின் புதுப் பதிப்பைச் சேர்த்தாகிவிட்டதாம், தானியங்கிச் சோதனையெல்லாம் பச்சையாம், அதாவது பாஸாம், நாளை மதியம் வெளியீடாம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய பதிப்பில் சேமித்த பெயர்களைப் புதுப் பதிப்பில் தேடவிட்டாள். மூன்று பெயர்களுக்கு 'அப்படி யாரும் இல்லை' என்று பதில் வந்தது. மூவரும் உள்ளேதான் இருந்தார்கள். வரிசை விதி மாறியதால் தேடல் அவர்களை வேறு இடத்தில் தேடிக்கொண்டிருந்தது. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் பெயர் இப்படிக் காணாமல் போனால்?

வெறுமனே "வேணாம்" என்றால் இந்தமுறை எடுபடாது, ஆதாரம் கேட்பார்கள். ஆதாரம் என்றால் அந்தச் சோதனையையே கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அப்புறம் அவளிடம் கேட்க ஒன்றுமில்லை. லேப்டாப்பை மூடினாள், திறந்தாள். பிறகு எல்லாவற்றையும் பொது இடத்தில் ஏற்றினாள்.

பத்தே நிமிடத்தில் ஹரிபிரசாத் கூப்பிட்டான்.

"அக்கா, காப்பாத்திட்டீங்க! புதுசைத் தூக்கிட்டு பழைய வெர்ஷனையே போட்டுட்டேன். எல்லாம் பச்சையா இருந்துச்சா, உங்களுக்கு எதுக்கு பேஜார்னு கேக்காம விட்டுட்டேன். சாரிக்கா."

"பரவால்ல ஹரி."

"உங்க டெஸ்ட்டையும் மெஷின்ல போட்டாச்சு. அதுவே ஓடிக்கும். இனிமே உங்களத் தொந்தரவே பண்ண மாட்டேன்க்கா. வெச்சிடறேன்."

"தொந்தரவுன்னு நான் எப்பப்பா சொன்னேன்?" என்று அவள் கேட்டபோது அவன் வைத்துவிட்டிருந்தான்.